முப்பத்தோராம் நாள்

கார்த்திகை ஒன்று. கடைமுகக் கூட்டம் வடிந்து
துலாக்கட்டத்துப் படிகளில் ஒற்றைச் செருப்புகள் மிச்சம்.
கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில்
மூன்றாவது மேசை என்னுடையது.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
தமிழென்றால் ஐந்து கூட.

ரெத்தினசபாபதி சார் ஈரக் குடையோடு வந்தார்.
கூட்டுறவு வங்கியில் செயலாளராய் இருந்து ஓய்ந்தவர்.
நாற்காலியைக் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு உட்கார்ந்தார்.
"மேல்முறையீடு. எழுதியே கொண்டுவந்துட்டேன்.
நீ அடிச்சாப் போதும், திருத்த வேண்டாம்."

பெறுநர். பொருள். பார்வை.
பொருள்: வெள்ளந்தாங்கி நகரில்
ஐந்து மாடி, நாற்பத்தெட்டு வீடு கட்ட வழங்கிய
அனுமதியை ரத்து செய்யக் கோருதல்.
பார்வையில் ஏழு இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்று எழுதியிருந்தார்.

அந்த எண் எனக்கு மனப்பாடம்.
கைப்பையில் மடித்து வைத்த ஒப்புகைச் சீட்டில்
என் பெயருக்கு மேலே அதேதான் இருக்கிறது:
வ. தையல்நாயகி, குறைந்த வருமானப் பிரிவு.
திருத்த வேண்டாம் என்றுதானே சொன்னார்.
தப்பான எண்ணோடு போகும் மனு
எந்த மேசையிலும் போய் உட்காராது.

ஆனால் கை நின்றுவிட்டது. இருபது வருஷப் பழக்கம்.
"சார், இது ஒன்றா, ஏழா?"
கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தார்.
"ஏழு. நல்லவேளை கேட்டே."

மாடித் தோட்டத்துக்கு வெயில் விழாது.
போர் தண்ணி இறங்கிவிடும்.
பதினெட்டடித் தெரு, அத்தனை வண்டிக்குத் தாங்காது.
நான்காவது:
பன்னிரண்டு வீடு அந்தப் பிரிவினருக்கு என்பதால்
சூழல் கெடும்.

"சூழல்னா என்ன சார், புகையா, சத்தமா?"
குடைக்கம்பியை விரலால் நிமிர்த்தினார்.
"சூழல்னு போடும்மா. அவங்களுக்குப் புரியும்."
போட்டேன். மூன்றே எழுத்து.
பன்னிரண்டு குடும்பமும் அதற்குள் அடங்கிக்கொண்டது.

ஐந்தாவது, கடைசியில், பென்சிலில்:
பின்புறத்துக் கன்னி வாய்க்காலைத் தூர்த்துவிட்டார்கள்,
மழைத்தண்ணீர் போக வழியில்லை.

அது உண்மை.
போன ஞாயிறு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
முட்டளவு தண்ணீரில் குச்சிக்குக் குச்சி
அடியெண்ணிப் பார்த்தவள் நான்.
பன்னிரண்டும் தரைத்தளம், பின்வரிசை, பள்ளத்தில்.
சாரின் மதிற்சுவர் நிற்பதும்
அதே வாய்க்காலின் வயிற்றில்தான்.
மனுவில் அது இல்லை.
நானும் சேர்க்கவில்லை.

"சார், ஐந்தை முதலில் வைத்தால் பலமாயிருக்கும்.
ரத்து செய்ய, அல்லது
வாய்க்காலை மீட்ட பிறகே கட்ட,
இப்படி மாற்றாகவும் ஒன்று கேட்பது வழக்கம்."
சந்தேகமாய்ப் பார்த்தார்.
ஆனால் வங்கிக்காரர். வழக்கம் என்றால் கையெழுத்து.

தேதி அடிக்கும்போது எண்ணினேன்.
"நேற்றோடு முப்பது நாள் முடிந்துவிட்டது சார்."
முதல்முறையாக வயசு தெரிந்தது அவர் முகத்தில்.
"நாமக்கல்ல மக பிரசவம்... ஒரு நாள்தானே.
முடவனுக்கே ஒரு நாள் கூட்டிக் கொடுத்த ஊரும்மா இது."

இன்றைக்குத்தான் முடவன் முழுக்கு.
பிந்தி வந்தவனுக்காகக் காவிரி காத்திருந்த நாள்.
என் வருமானச் சான்றும் ஒரு நாள் பிந்தியது;
ஜன்னலுக்குள் இருந்த பெண்
காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
முத்திரையைக் குத்திவிட்டாள்.
தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு தனிப் பக்கம்.
அடித்தேன். அதற்கும் முப்பத்தைந்து.

நூற்றைந்தை எண்ணி வைத்தார்.
"எங்கம்மா வீடு?"
"கூறைநாடு. வாடகை."
"சீக்கிரம் சொந்தமா அமையட்டும்."
மனசாரத்தான் சொன்னார்.

தபால் பிரிவு மூன்றரைக்கு மூடும்.
அவர் சாலையில் பாதி போனபோது மழை பிடித்தது.
குடை என் மேசையடியில்.
எடுத்துக்கொண்டு ஓடினேன்.
மனு நனைந்தால்
மறுபடி நான்தான் அடிக்க வேண்டும்.